மாணவர் நேரத் திட்ட ஏடு: ஓர் அரையாண்டு பயன்படுத்திய பின்

திருகோணமலை நகரிலுள்ள புத்தகக்கடையொன்றில், பல்கலைக்கழக மாணவர்களுக்கென உள்ளூரிலேயே அச்சிடப்பட்ட நேரத் திட்ட ஏடு ஒன்றை 850 ரூபா கொடுத்து வாங்கி, சென்ற அரையாண்டு முழுவதும் பயன்படுத்தினேன். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் முகாமைத்துவம் பயிலும் மூன்றாம் வருட மாணவன் நான். நகரிலுள்ள வீட்டிலிருந்து நிலாவெளி வீதி பஸ்ஸில் நாள்தோறும் போய்வருகிறேன். இந்த ஏட்டில் கொடுத்த பணத்துக்குத் தகுதியானது ஒரேயொரு நிரல்தான் என்பதும், அந்த நிரலைக் கண்டுகொள்ள எனக்கு ஐந்து வாரம் பிடித்தது என்பதுமே இந்த மதிப்பாய்வின் சாரம். மற்றவை அதற்கான காரணங்கள்.

முதலில் பொருளின் உருவம். ஏ5 அளவு, கெட்டி அட்டை, இடப்பக்கம் சுருள்கம்பி. மேசையில் விரித்தால் தட்டையாகக் கிடக்கும், மடித்துப் பையில் வைத்தாலும் கிழியாது. தாள் மெல்லியது. சாதாரணப் பேனைக்குத் தாங்குகிறது; ஜெல் பேனையால் எழுதினால் மறுபக்கத்தில் ஊறித் தெரிகிறது. கடற்காற்றுள்ள ஊரில் சுருள்கம்பி துருப்பிடிக்கும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே என்றாலும், இரண்டாம் மாதத்திலேயே கம்பியின் நுனியில் செம்மை படிந்து பக்க ஓரங்களில் கறை ஏறியதை அச்சகத்தார் கவனிக்க வேண்டும். இந்த ஊரில் விற்பதற்கு நூலால் தைத்த கட்டே பொருத்தமானது. நான் முதலில் வாங்கிய பிரதியில் மூன்றாம் வாரப் பக்கங்கள் இருமுறை வந்து, நான்காம் வாரம் அறவே விடுபட்டிருந்தது. கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, “நாலாம் கிழமையை விட்டிட்டாங்கள் தம்பி, வேற ஒண்டு எடுங்கோ” என்று மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்.

வீட்டில் இந்த ஏட்டை முதலில் மதிப்பாய்வு செய்தவர் அம்மம்மா. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, “ராகுகாலம் போடாத டயறியை எதுக்கப்பு காசு குடுத்து வாங்கினனீ?” என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. நம் வீடுகளில் நாட்குறிப்பு என்றால் நாள் ஒன்றில் எந்த ஒன்றரை மணிநேரத்தில் புதுக் காரியம் தொடங்கக்கூடாது என்பதையும், எந்த நாளில் போயா விடுமுறை வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஏட்டிலோ திகதியே இல்லை. “வாரம் 1” முதல் “வாரம் 18” வரை எண்கள் மட்டும் அச்சிடப்பட்டிருக்க, திகதியை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். அம்மம்மாவுக்குக் குறையாகப் பட்ட இதுவே எனக்கு நிறைவாகப் பட்டது. பல்கலைக்கழகக் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிவதில்லை. மழை, பணிப்புறக்கணிப்பு, விடுமுறை என ஏதாவதொன்றால் அரையாண்டின் தொடக்கம் முன்பின்னாக நகர்ந்துகொண்டே இருக்கும் நாட்டில், திகதி அச்சிட்ட ஏட்டின் பாதிப் பக்கங்கள் வெற்றாகவே கழியும்.

ஏட்டின் முன்பகுதியில் பாடநெறிகளின் பெயரையும் அவற்றின் கிரெடிட் எண்ணிக்கையையும் எழுத ஓர் அட்டவணை இருக்கிறது. எழுதச் சொல்கிறதே தவிர, எழுதிய எண்ணை வைத்து என்ன செய்வது என்று ஒரு வரியும் சொல்லவில்லை. மாணவருக்கு மிகவும் உதவியிருக்கக்கூடிய இடம் அதுவே. உயர்கல்வித் தகைமைகளின் தரங்களை வரையறுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகம், பாடநெறியொன்றின் ஒரு கிரெடிட்டை 50 கற்றல் மணிநேரமாகக் கொள்கிறது. ஓராண்டுக்கு 30 கிரெடிட், அதாவது 1500 மணிநேரம். விரிவுரை, பயிற்சி, ஒப்படை, சுயவாசிப்பு, பரீட்சைக்கான ஆயத்தம் அனைத்தும் இதற்குள் அடங்கும். அரையாண்டொன்றில் 15 கிரெடிட் எடுப்பவருக்கு 750 மணிநேரம் வருகிறது. அதைப் பதினைந்து கற்பித்தல் வாரங்களுக்குள் அடக்கினால் வாரத்துக்கு 50 மணிநேரம். படிப்பு விடுமுறையையும் பரீட்சைக் காலத்தையும் சேர்த்து இந்த ஏட்டின் பதினெட்டு வாரங்களுக்குப் பரப்பினால் ஏறத்தாழ 42 மணிநேரம். விரிவுரை மண்டபத்தில் நாம் இருப்பது, ஒரு கிரெடிட்டுக்குப் பதினைந்து விரிவுரை மணிநேரம் என்ற வழக்கமான கணக்கின்படி, வாரத்துக்குப் பதினைந்து மணிநேரந்தான். எஞ்சிய நேரம் எவருடைய நேரசூசியிலும் இல்லை. “விரிவுரை குறைவு, நேரம் நிறைய இருக்கிறது” என்று முதலாம் வருடத்தில் நாங்கள் எல்லோரும் சொல்லித் திரிந்ததற்கும், பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் அதே நாங்கள் தூக்கமின்றித் தவித்ததற்கும் இந்தக் கணக்குத் தெரியாததே காரணம். இதை நான்கு வரியில் அச்சிட்டிருந்தால் ஏட்டின் பெறுமதி இரட்டித்திருக்கும்.

அடுத்து, ஏட்டின் முகமாக விளம்பரப்படுத்தப்படும் மணிநேரக் கட்டங்கள். வாரத்துக்கு எதிரெதிரே இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை, ஏழு நாளுக்கும் அரைமணிநேரக் கட்டங்கள், மொத்தம் 252. முதல் மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அமர்ந்து, பாடத்துக்கொரு நிறமாக இந்தக் கட்டங்களை நிரப்பினேன். நிரப்பி முடித்ததும் பாதிப் படிப்பு முடிந்துவிட்டது போன்ற நிறைவு மனதில் ஏற்படும். அந்த நிறைவுதான் இந்த வகை ஏடுகள் விற்கும் உண்மையான சரக்கு என்று இப்போது நினைக்கிறேன். திங்கட்கிழமை ஒரு விரிவுரை வேறு நேரத்துக்கு மாறும். செவ்வாயன்று பஸ் நிரம்பி வந்து நிற்காமல் போய்விடும். புதனன்று வீட்டுக்கு உறவினர் வருவர். ஒரு கட்டம் தவறினால் அதற்குக் கீழுள்ள கட்டங்கள் எல்லாம் பொய்யாகிவிடும். அரைமணிநேரத் துல்லியத்தில் நாளை வகுப்பது, தன் நேரம் தன் கையில் உள்ளவருக்குப் பொருந்தலாம். பொதுப் போக்குவரத்தையும் பிறருடைய வசதியையும் நம்பி நாளைக் கடத்தும் மாணவருக்கு அது வாரந்தோறும் ஒரு தோல்விப் பட்டியலாகவே முடிகிறது.

இதற்கு மாற்று, கிண்ணியாவிலிருந்து வரும் என் வகுப்பு நண்பரின் ஏட்டில் கிடைத்தது. அவர் அந்தக் கட்டங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அவற்றின் குறுக்கே ஐந்து கோடுகளை இழுத்து, சுபஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று பெயர் எழுதியிருந்தார். “அஸருக்குப் பின் புள்ளிவிபரவியல் கணக்கு நான்கு”, “இஷாவுக்குப் பின் ஒப்படையின் இரண்டாம் பகுதி” என்பதுதான் அவருடைய திட்டமிடல். தொழுகை நேரம் ஆண்டின் போக்கில் சில நிமிடம் முன்பின்னாக நகர்ந்தாலும் வரிசை மாறுவதில்லை. ஒரு வேளைக்குரிய வேலை தவறினால் அடுத்த வேளை கெடுவதும் இல்லை. பயணத்துக்கென ஏட்டில் இடமே ஒதுக்கப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியவர் அவரே. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை மிதவைப் பாதை எனப்படும் படகுக்காகக் காத்திருந்து நகருக்கு வந்துபோன தலைமுறையின் பிள்ளை அவர். பயண நேரத்தை நேரமாக எண்ணாத திட்டம் அவருக்கு விநோதமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

நண்பர் வழக்கமாகச் செய்ததற்கு உளவியலில் பெயர் இருக்கிறது. பீட்டர் கொல்விட்சர் என்ற உளவியலாளர், “படிக்க வேண்டும்” என்று பொதுவாக எண்ணிக்கொள்வதைக் காட்டிலும் “இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்” என்று ஒரு நிகழ்வோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும் எண்ணமே செயலாகும் வாய்ப்பு அதிகம் என்பதை 1999 இல் வெளியான தம் கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டினார். நான்காம் வாரத்திலிருந்து நானும் மணிநேரத்தைக் கைவிட்டேன். “பஸ்ஸால் இறங்கி முகங்கழுவியதும் கணக்கீட்டுப் பயிற்சி”, “பத்திரகாளி அம்மன் கோயில் மாலைப் பூசை மணி கேட்டதும் கைத்தொலைபேசியை அலுமாரியில் வைப்பது” என்று எழுதத் தொடங்கினேன். 252 கட்டங்களும் வீணாயின, திட்டம் நின்றது.

இப்போது அந்த நிரலுக்கு வருகிறேன். வலப்பக்கத்தில் வேலைப் பட்டியலுக்கென மூன்று நிரல்கள் உள்ளன: வேலை, மதிப்பிட்ட நேரம், எடுத்த நேரம். மூன்றாவது நிரல் மிகவும் ஒடுங்கியது. வடிவமைத்தவரே அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார். தொடக்கத்தில் நான் அதை வெறுமையாகவே விட்டேன், ஏனெனில் முடிந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று எழுதுவதில் என்ன பயன் என்று தோன்றியது. ஐந்தாம் வாரத்தில் சந்தைப்படுத்தல் பாடத்துக்காக உப்புவெளியிலுள்ள விருந்தினர் விடுதிகளில் வினாக்கொத்து நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு நாள் என்று எழுதிவிட்டுப் போனேன். உல்லாசப் பயணிகள் வரும் பருவம் என்பதால் விடுதி உரிமையாளர்களுக்கு நின்று பேச நேரமில்லை; சிலர் பின்னேரம் வரச் சொன்னார்கள், சிலர் மறுநாள் வரச் சொன்னார்கள். மூன்று நாள் ஆயிற்று. எரிச்சலில் அந்த ஒடுங்கிய நிரலில் “3 நாள்” என்று அழுத்தி எழுதிவிட்டு, மேலேயுள்ள வரிகளையும் நினைவிலிருந்து நிரப்பிப் பார்த்தபோதுதான், என் மதிப்பீடுகளில் பல சரியாக இருந்ததில்லை என்பது கண்ணில் பட்டது.

இது என்னுடைய தனிப்பட்ட சோம்பலல்ல என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். டேனியல் கானமன், ஏமோஸ் டிவேர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979 இலேயே இதனைத் திட்டமிடல் மயக்கம் என்று சொல்லத்தக்க ஒரு பெயரால் குறித்திருக்கிறார்கள். 1994 இல் ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இறுதி ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்ன சராசரி 33.9 நாள், எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது 48.6 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்தது 55.5 நாள். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கெட்ட காலத்துக்கென்று சொன்ன கணக்கைக்கூட உண்மை தாண்டிப் போயிருக்கிறது என்பதை வாசித்தபோது, என் ஏட்டின் பக்கங்களையே யாரோ அச்சிட்டிருப்பதாகத் தோன்றியது.

எஞ்சிய பதின்மூன்று வாரமும் மூன்றாவது நிரலைத் தவறாமல் நிரப்பினேன். அதனால் வெளிப்பட்டவை ஒரே அளவினதாக இல்லை. விரிவுரைக் குறிப்பை வாசிப்பதற்கு நான் மதிப்பிடும் நேரம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கணக்கீட்டுப் பயிற்சிகள் ஒன்றரை மடங்கு எடுத்தன. எழுதும் வேலை எதுவாயினும் இரண்டு மடங்கு. குழு வேலைக்கு மூன்று மடங்குக்குக் குறைந்து ஒருமுறையும் முடிந்ததில்லை. அதில் பாதி, நால்வரும் ஒரே இடத்தில் கூடுவதற்குக் காத்திருந்த நேரம். இவற்றை அறிந்த பின், ஒப்படையொன்றுக்கு ஆறு மணிநேரம் என்று மனம் சொன்னால் பன்னிரண்டு என்று எழுதிவிட்டு, அதற்கேற்ப நான்கு நாள் முன்பாகத் தொடங்கினேன். அரையாண்டின் கடைசி மூன்று ஒப்படைகளையும் முந்தைய நாளே கொடுத்தேன். அதற்கு முன் எனக்கு அது நடந்ததில்லை. வேலையின் வகைவாரியாக இந்த விகிதத்தைக் கூட்டிப் பார்க்க ஏட்டில் பக்கம் இல்லை என்பதால், பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். அடுத்த பதிப்பில் அச்சகத்தார் செய்யக்கூடிய மிகச் சிறந்த திருத்தம் அந்த ஒரு பக்கமே.

ஒவ்வொரு வேலைக்கும் அருகில் ஆறு சிறிய தக்காளிப் படங்கள் அச்சிடப்பட்டுள்ளன. எண்பதுகளின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவிலான சமையலறைக் கடிகாரமொன்றைத் திருகி வைத்துப் படித்ததிலிருந்து வந்த முறை இது: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு முறைக்குப் பின் 15 முதல் 30 நிமிடம் நீண்ட ஓய்வு. ஏடு இந்த விளக்கம் எதையும் தராமல் வெறும் தக்காளிகளை மட்டும் தந்திருப்பதால், என் தங்கை அவற்றை நிறம் தீட்டுவதற்கானவை என்று எண்ணிச் சில பக்கங்களைச் சிவப்பாக்கிவிட்டாள். 25 நிமிடம் என்பது நம்மவர்க்குப் புதிதல்ல. 24 நிமிடம் கொண்ட நாழிகையை அளவாக வைத்து நாளை அறுபதாகப் பகுத்தவர்கள் நாம். நாழிகை என்றே அச்சிட்டிருந்தால் அம்மம்மாவிடமும் ஏட்டுக்குக் கொஞ்சம் மதிப்புக் கிடைத்திருக்கும். பயன்பாட்டைப் பொறுத்தவரை, சித்த மருத்துவம் பயிலும் நண்பியொருவர் மூலிகைப் பெயர்களையும் குணங்களையும் மனனம் செய்வதற்கு இந்த அளவு மிகப் பொருத்தமாக இருப்பதாகச் சொன்னார். எனக்கு அப்படியில்லை. இறுதிக் கணக்குகளின் நீண்ட வினாவொன்றில் ஐந்தொகை சமப்படாமல் நிற்கும் தறுவாயில் மணி அடித்து எழுப்பினால், திரும்பி வந்து அமரும்போது பிழையின் தடம் கலைந்துபோயிருக்கும். தொடங்குவதற்குத் தயங்கும் வேலைக்கு மட்டுமே இந்த முறையை வைத்துக்கொண்டேன்.

வேலைகளை அவசரமானவையா இல்லையா, முக்கியமானவையா இல்லையா என்று பிரித்தெழுத நான்கு பெட்டிகள் வாரந்தோறும் வருகின்றன; பரீட்சை நெருங்கியதும் எல்லா வேலையும் ஒரே பெட்டிக்குள் போய்விடுவதால் அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பக்கத்தின் அடியில் அச்சிடப்பட்டுள்ள ஊக்க வாசகங்களை நீக்கினால் மேலும் இரண்டு வரி எழுத இடம் கிடைக்கும்.

ஏட்டின் பெருங்குறை, படித்ததை மறுபடி படிக்கும் மீட்டலுக்கு இடம் இல்லாதது. “இன்றைய பாடம்” என்று நாளுக்கு ஒரு பெட்டி கொடுத்து, ஒரு பாடத்தை ஒரு நாளில் தொடங்கி அதே நாளில் முடித்துவிடும் பழக்கத்தை அது மறைமுகமாக வளர்க்கிறது. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885 இல் வெளியிட்ட, தம்மைத்தாமே சோதித்துச் செய்த ஆய்வில், ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொல்லிப் பெற்ற பலனை மூன்று நாளுக்குப் பரப்பியபோது 38 முறையிலேயே பெற்றார். நேரத்தை மிச்சம் பிடிக்க இதைவிட நேரடியான வழி மாணவருக்கு இல்லை என்பேன். முடித்த பாடத்தை மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் நினைவூட்டும் ஒரு சிறு கட்டம், அந்த நான்கு பெட்டிகள் இருந்த இடத்திலேயே தாராளமாக அடங்கும்.

கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் நாட்காட்டிச் செயலி இருக்க ஏன் ஏடு என்று கேட்பவர்களுக்கு: ஒப்படை கொடுக்கும் திகதி, குழு கூடும் நேரம் போன்ற, பிறரோடு பகிர வேண்டியவற்றுக்குச் செயலியே சிறந்தது, ஏடு மணியடித்து நினைவூட்டாது. ஆனால் எடுத்த நேரத்தைக் குறிக்கத் தொலைபேசியைத் திறந்தால், குறித்துவிட்டு மூடுவது என்னால் இயலவில்லை. பத்து வினாடி வேலைக்கு இருபது நிமிடம் போவதை அந்த மூன்றாவது நிரலில் எழுதவும் வெட்கமாக இருந்தது.

பதினெட்டு வாரம் என்பதும் போதாது. படிப்பு விடுமுறையும் பரீட்சையும் சேர்ந்து இருபது வாரத்தைத் தொட்டதால், கடைசி இரண்டு வாரத்துக்குத் தாள் ஒட்டினேன். மிகவும் தேவைப்படும் காலத்தில் ஏடு முடிந்துபோகிறது.

முதலாம் வருட மாணவர் ஒருவர் கேட்டால் வாங்கச் சொல்வேன். மதிப்பிட்ட நேரமும் எடுத்த நேரமும் அருகருகே நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பழக்கம் தங்கிவிடும், அதற்கு 850 ரூபா அதிகமில்லை. மஹாபொல புலமைப்பரிசில் பணம் வரும்வரை கையைக் கடித்துக்கொண்டிருப்பவர் ஒரு சீ.ஆர். கொப்பியில் நான்கு நிரல் கோடு போட்டுக்கொண்டால் அதே வேலை நடக்கும். நான்காவது நிரல் மீட்டல் திகதிக்கு. இறுதி வருட ஆய்வு செய்பவர்களுக்கு இந்த ஏடு பயன்படாது; அவர்களுடைய வேலை வாரக் கணக்கில் அடங்குவதில்லை. நான் அடுத்த அரையாண்டுக்குக் கொப்பிக்கே மாறுகிறேன். வாங்குவதாயின், பணம் கொடுக்குமுன் கடையிலேயே நின்று நான்காம் வாரப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.